முடிவு சரிதானா? பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எந்த முறை ஏற்றது

ரங்கூனில் கோயில் மண்டபத்தில் நடக்கும் எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்பில், எழுத்தும் வாசிப்பும் கைவந்த பெரிய பிள்ளைகளுக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. இரண்டு கூற்றுகளைக் கொடுத்தால் அவற்றிலிருந்து மூன்றாவதாக எது வரும், எது வராது என்று அவர்களே பார்த்துச் சொல்ல வேண்டும். தர்க்க நூல்களில் இதை நியாயத்தொடை என்பார்கள். முதல் இரண்டு வரியும் எடுகூற்றுகள், மூன்றாவது முடிவு. எந்த வழியில் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் இன்னும் தீரவில்லை. கையில் இருப்பது வாரத்துக்கு அரைமணி நேரம், ஒரு கரும்பலகை, ஐந்து நாளும் பர்மிய மொழியில் படித்துவிட்டு ஒரு நாள் தமிழுக்கு வரும் பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள். இதற்கு ஒத்துவருவது எது என்று நான்கு முறைகளை வைத்துப் பார்த்திருக்கிறேன். மோல்மேன், தன்லியின், பெகு பக்கம் இதே யோசனையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் இது உதவலாம்.

இதெல்லாம் பரீட்சைக் கணக்கு, நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. பர்மாவில் தமிழராக வளர்ந்தவர் காதில் என்றைக்காவது விழுந்திருக்கும் வாதம்:

செட்டியார்கள் எல்லாரும் கடனுக்காக விவசாயியின் நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள்.
செட்டியார்கள் எல்லாரும் தமிழர்கள்.
ஆகவே தமிழர்கள் எல்லாரும் கடனுக்காக விவசாயியின் நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள்.

இதன் பின்னால் நடந்த வரலாறு இருக்கிறது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் கீழ்ப்பர்மாவில் நிலம் கைமாறியது. நெல் விளையும் முக்கியமான 13 மாவட்டங்களில் 1930ல் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 6 சதவீதம். 1937ல் 25 சதவீதம். நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் வேதனையை நாம் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்த மூன்றாவது வரி முதல் இரண்டிலிருந்து வராது. இரண்டையும் ஒரு சொல் மாற்றாமல் ஏற்றுக்கொண்டாலும் வராது. 'செட்டியார்கள் எல்லாரும் தமிழர்கள்' என்ற வரி செட்டியார்கள் அத்தனை பேரைப் பற்றியும் பேசுகிறது, தமிழர்கள் அத்தனை பேரைப் பற்றியும் பேசவில்லை. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அரிசி ஆலையில் தவிட்டுத் தூசியில் உழைத்தவர், அறுவடைக்குக் கூலியாக வயலில் இறங்கியவர் ஆகிய யாரும் அந்த வரிக்குள் இல்லை. அங்கிருந்து எடுக்கக்கூடிய முடிவு 'தமிழர்களில் சிலர்' என்பதோடு நின்றுவிடும். 'சிலர்' என்று நிற்க வேண்டியது 'எல்லாரும்' ஆகிற அந்த ஓர் இடத்தில் ஒரு சமூகமே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறது. நம் பிள்ளை தன் பர்மியத் தோழனிடம் கோபப்படாமல், இந்த இடத்தில் பிசகுகிறது என்று விரல் வைத்துக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். இதே பிசகை நாம் அடுத்தவர்களைப் பற்றிச் செய்யும்போது நம்மையும் நிறுத்திக் கேட்கத் தெரிய வேண்டும்.

விதிகளை மனப்பாடம் செய்வது

அரிஸ்டாட்டில் தொடங்கிவைத்து ஐரோப்பியப் பாடசாலைகள் நூற்றாண்டுக் கணக்கில் காத்துவந்த முறை. கூற்று நான்கு வகை: எல்லாம் அப்படி, எதுவும் அப்படி அல்ல, சில அப்படி, சில அப்படி அல்ல. மூன்று வரிக்கும் இந்த நான்கையும் மாற்றி மாற்றி வைத்தால் 64 வரும். இரண்டு எடுகூற்றிலும் பொதுவாக வரும் நடுப்பதம் எங்கே உட்காருகிறது என்பதில் நான்கு விதம். ஆக 256 வடிவங்கள். இவற்றில் தேறுபவை 24. நாம் பேசும் தொகுதியில் ஒருவராவது இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாவிட்டால் 15 மட்டுமே. தேறியவற்றுக்கு 'பார்பரா', 'செலாரென்ட்' என்று லத்தீனில் பெயர் வைத்துப் பாட்டாக்கி மாணவர்களை நெட்டுருப் போட வைத்தார்கள்.

பாட்டை விட்டுவிட்டு விதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நடுப்பதம் ஓர் இடத்திலாவது தன் தொகுதி முழுவதையும் பற்றிப் பேச வேண்டும். முடிவில் 'எல்லாரும்' என்று முழுதாகப் பேசப்படுகிற பதம் எடுகூற்றிலும் முழுதாகப் பேசப்பட்டிருக்க வேண்டும். இரண்டு எதிர்மறைக் கூற்றிலிருந்து முடிவு கிடையாது. எடுகூற்றில் ஒன்று எதிர்மறை என்றால் முடிவும் எதிர்மறை. செட்டியார் வாதம் இரண்டாவது விதியில் அடிபடும்.

நேரத்தோடு போட்டி போடும் தேர்வில் இதைவிட வேகமான வழி இல்லை. வகுப்பில் தொடங்குவதற்கு எனக்கு இது வேண்டாம். விதி ஏன் அப்படி என்று பிள்ளைக்குத் தெரியாது, மறந்தால் திரும்ப வருவிக்கவும் முடியாது. 'பதம் முழுதாகப் பேசப்படுகிறது' என்பதைத் தமிழில் புரியவைக்கவே மாதம் ஓடிவிடும்.

வட்டங்கள்

1760களின் தொடக்கத்தில் கணித அறிஞர் லியோனார்ட் ஆய்லர் ஒரு ஜெர்மானிய இளவரசிக்கு எழுதிய பாடக் கடிதங்களில் வட்டம் போட்டு விளக்கினார். 1880ல் ஜான் வென் அதைத் திருத்தி வேறு விதமாகப் போட்டார். இரண்டும் ஒன்று என்று பல பாடப்புத்தகங்கள் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நமக்கு வேண்டிய பாடமே இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நம் கோயில் திருவிழாவை வைத்தே பார்க்கலாம்:

தீ மிதிப்பவர்கள் எல்லாரும் விரதம் இருந்தவர்கள்.
விரதம் இருந்தவர்களில் சிலர் பெண்கள்.
ஆகவே தீ மிதிப்பவர்களில் சிலர் பெண்கள்.

ஆய்லர் வழியில், விரதம் இருந்தவர்களுக்கு ஒரு பெரிய வட்டம், அதற்குள்ளே தீ மிதிப்பவர்களுக்குச் சின்ன வட்டம். அடுத்து பெண்களின் வட்டத்தை எங்கே போடுவது? பெண்கள் பூக்குழி இறங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, சின்ன வட்டத்தின்மேல் படுகிற மாதிரிதான் போடும். படத்தைப் பார்த்தால் முடிவு சரி என்று தோன்றும். பெண்களின் வட்டத்தைச் சின்ன வட்டத்தில் படாமல், பெரிய வட்டத்தின் ஓரத்தில் மட்டும் பட வைத்தாலும் இரண்டு எடுகூற்றும் பொய்யாவதில்லை. அந்தப் படம் பிள்ளையின் கைக்கு வராது. தனக்கு முன்பே தெரிந்ததைத்தான் பிள்ளை வரைகிறது.

வென் வழியில் அதற்கு இடமில்லை. முதலில் மூன்று வட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி போட்டுவிட வேண்டும். யாரும் இருக்க முடியாத இடத்தை நிழலடிக்க வேண்டும்: தீ மிதிப்பவர் வட்டத்தில் விரத வட்டத்துக்கு வெளியே நிற்கும் பகுதி முழுக்கச் சாக்பீஸால் தேய்த்து மூடப்படும். அடுத்து 'சிலர்' வரிக்கு ஒரு பெருக்கல் குறி. விரதமும் பெண்களும் சேரும் பகுதியில் அது விழ வேண்டும். அந்தப் பகுதியைத் தீ மிதிப்பவர் வட்டத்தின் கோடு இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? எடுகூற்று சொல்லவில்லை. ஆகவே குறியைக் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும். முடிவு கேட்பது கோட்டுக்கு உள்ளே ஒரு குறி. அது அங்கே இல்லை. முடிவு வராது.

இதில் பிள்ளைகள் தடுமாறும் இடமும் அந்தக் கோடுதான். 'கோட்டு மேல எப்படி டீச்சர் ஆள் நிப்பாங்க?' என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஆள் எந்தப் பக்கம் என்று நமக்குச் சொல்லப்படவில்லை என்பதற்கு அடையாளம்தான் அது என்று சொல்லிக் கொஞ்சம் நேரம் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். 'எல்லாம்', 'எதுவும் இல்லை' வரிகளை முதலில் நிழலடித்துவிட்டுத்தான் 'சில' வரிக்குக் குறி வைக்க வேண்டும், மாற்றிச் செய்தால் குழப்பம் வரும். நிழலுக்கு ஒரு நிறம், குறிக்கு ஒரு நிறம் என்று சாக்பீஸ் இருந்தால் நல்லது.

வென் படத்துக்கு மொழி அதிகம் தேவையில்லை, தமிழ் தடுக்கும் பிள்ளையும் பலகைக்கு வந்து காட்டிவிடலாம். முடிவு வராது என்பதையும் காட்டும், வரும் என்பதையும் உறுதியாகக் காட்டும். ஆனால் தெருவில், டீக்கடையில், பேச்சு நடுவில் யாரும் வட்டம் போடப் போவதில்லை.

எதிர்ச்சான்று தேடுவது

எடுகூற்றுகள் இரண்டும் உண்மையாக நிற்க, முடிவு மட்டும் பொய்யாகும் ஒரு நிலைமையைக் காட்ட முடிகிறதா என்று தேடுவது இந்த முறை. ஒன்று அகப்பட்டால் போதும், வாதம் விழுந்தது. மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசும் தனாக்காவை வைத்து ஓர் எடுத்துக்காட்டு:

பர்மியப் பெண்கள் எல்லாரும் தனாக்கா பூசுவார்கள்.
இந்தப் பெண் தனாக்கா பூசியிருக்கிறாள்.
ஆகவே இவள் பர்மியப் பெண்.

இதைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்: 'எங்க தங்கச்சியும்தான் பூசியிருக்கா டீச்சர், அவ தமிழ்ப்பிள்ளைதானே?' கன்னத்தில் வட்டமாகத் தனாக்கா காய்ந்திருக்கும் தங்கை முன்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பாள். எந்த விதியும் தெரியாமல் அந்தப் பையன் செய்திருப்பது முழுமையான தர்க்கம். முதல் வரியைத் திருப்பிப்போட்டு, தனாக்கா பூசுபவர்கள் எல்லாரும் பர்மியப் பெண்கள் என்று எடுத்துக்கொண்டால்தான் முடிவு நிற்கும். திருப்பிப்போட யாரும் அனுமதி கொடுக்கவில்லை.

நம்மைச் சுற்றியுள்ள பௌத்தர்களின் மறைநூல் தொகுதியான அபிதம்மத்தில் யமகம் என்று ஆறாவது நூல் ஒன்று இருக்கிறது. நூல் முழுக்க இந்தத் திருப்பிப்போடும் கேள்விதான். குசல தம்மங்கள், அதாவது நல்லவை, எல்லாம் குசல வேர்களா, அதாவது நன்மையின் வேர்களா என்று முதலில் கேட்கும். இல்லை, வேர்கள் மூன்றே, மற்றவை வேர்கள் அல்ல என்று பதில். சரி, குசல வேர்கள் எல்லாம் குசல தம்மங்களா? ஆம். ஒரு பக்கம் ஆம், மறுபக்கம் இல்லை. இப்படி இணை இணையாகக் கேட்டுக்கொண்டே போகிறது. மடாலயத்தில் கொஞ்ச நாள் இருந்து வந்த தோழர்கள் நம் பிள்ளைகளுக்கு உண்டு, அவர்களோடு பேச இது நல்ல வாசல்.

எதிர்ச்சான்று தேடுவதில் ஒரு தடை, முடிவு நமக்குப் பிடித்ததாக இருந்தால் தேடவே மாட்டோம். 1983ல் உளவியலாளர் ஜொனாதன் எவன்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் நடத்திய சோதனைகளில், தர்க்கப்படி வராத முடிவாக இருந்தும் நம்பும்படி இருந்ததால் 71 சதவீதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வராததாகவும் நம்ப முடியாததாகவும் இருந்ததை ஏற்றவர்கள் 10 சதவீதம். தர்க்கப்படி சரியாக வந்த முடிவும், நம்பும்படி இல்லை என்றால் 56 சதவீதத்தில் நின்றது. பூக்குழி வாதத்தில் நம் பிள்ளைகள் தலையாட்டுவதற்குக் காரணம் இதுதான். அங்கே தனாக்கா மாதிரி உடனே ஒரு தங்கை கண்ணில் படமாட்டாள்.

அதற்கு மருந்து, வடிவத்தை வைத்துக்கொண்டு பொருளை மாற்றுவது. யானைகள் எல்லாம் உயிரினங்கள். உயிரினங்களில் சில மீன்கள். ஆகவே யானைகளில் சில மீன்கள். பூக்குழி வாதமும் இதுவும் ஒரே வடிவம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டும்போது வகுப்பில் உண்டாகும் அமைதி எனக்கு மிகவும் பிடிக்கும். கண்ணால் பார்த்த உண்மை ஒரு பக்கம், அது இந்த இரண்டு வரியிலிருந்து வரவில்லை என்பது இன்னொரு பக்கம் என்று அவர்கள் முதல் தடவையாகப் பிரித்துப் பார்க்கிற நேரம் அது.

குறையையும் சொல்ல வேண்டும். எதிர்ச்சான்று அகப்படவில்லை என்பதால் வாதம் சரி என்று ஆகிவிடாது. இன்னும் நன்றாகத் தேடியிருந்தால் அகப்பட்டிருக்கலாம். இந்த ஓட்டையை அடைக்க 1883ல் தர்க்க அறிஞர் கிறிஸ்டின் லாட் ஒரு வழி சொன்னார். முடிவை மறுத்து, அந்த மறுப்பை இரண்டு எடுகூற்றோடும் சேர்த்து வை. மூன்றும் சேர்ந்து நிற்கவே முடியாது என்றால் வாதம் சரி. பிக்குகள் எல்லாரும் துறவிகள், துறவி எவரும் சொத்து வைத்திருப்பதில்லை, ஆகவே பிக்கு எவரும் சொத்து வைத்திருப்பதில்லை. மறுத்துப் பார்ப்போம்: சொத்து வைத்திருக்கும் பிக்கு ஒருவர் இருக்கிறார். பிக்கு என்பதால் துறவி, துறவி என்பதால் சொத்து இல்லை. ஒரே ஆளுக்குச் சொத்து இருக்கவும் வேண்டும், இல்லாமலும் இருக்க வேண்டும். நிற்காது. ஆகவே முடிவு வரும். பதினைந்து வயதுப் பிள்ளை வாயால் சொல்லியே இதைச் செய்துவிடும்.

மணிமேகலை சொல்லும் முறை

துறவி எவரும் சொத்து வைத்திருப்பதில்லை என்பது உண்மைதானா என்று யாராவது கேட்டால், மேலே சொன்ன மூன்று முறைகளிடமும் பதில் இல்லை. அவை வடிவத்தைத்தான் பார்க்கும். எடுகூற்றையே நிறுத்திக் கேட்கும் முறை நம் மொழியில் இருக்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுப்பது அதுதான். இந்த மலை நெருப்புடையது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இந்த மலையும் புகையுடையது என்பது உபநயம். ஆகவே நெருப்புடையது என்பது நிகமனம். கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று நூலே சொல்லிவிடுகிறது.

ஏதுவுக்கு மூன்று சோதனை. பேசப்படும் பொருளில் அது இருக்க வேண்டும், அதற்கு ஒத்தவற்றில் இருக்க வேண்டும், ஒவ்வாதவற்றில் இருக்கக் கூடாது. மூன்றாவது சோதனையைக் கவனித்தால், அதுவே எதிர்ச்சான்று தேடுதல். இரண்டு பக்கமும் பொதுவாகக் கிடக்கிற ஏதுவைச் சாதாரணம் என்று ஒரு பிழையாக வைத்திருக்கிறார்கள். சத்தம் நிலையற்றது, அறியப்படுவதால் என்பது நூல் தரும் உதாரணம். நிலையானதும் அறியப்படுகிறது, நிலையற்றதும் அறியப்படுகிறது, ஆகவே ஒன்றும் தீராது. தனாக்கா வாதத்தின் நோயும் இதுவே.

நூல் அடுக்கும் போலிகள், அதாவது பிழைகள்: பக்கம் என்ற உறுப்பில் 9, ஏதுவில் 14, திட்டாந்தத்தில் 10. அத்தனையும் வகுப்புக்கு வேண்டாம். எனக்கு விலைமதிப்பற்றதாகத் தெரிவது ஏதுப்போலியில் வரும் சித்தாசித்தம்: ஆவியா பனியா என்று சந்தேகம் இருக்கும்போதே புகை என்று எடுத்துக்கொண்டு, நெருப்பு உண்டு என்று துணிந்துவிடுவது. ஃபேஸ்புக்கில் வந்த ஒரு படத்தைப் பார்த்து அடுத்த தெருவில் கலவரம் என்று நம்பும் நாட்டில் இருக்கிறோம். வடிவம் அத்தனையும் சரியாக இருந்து, முதல் வரியே உறுதியில்லாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று வட்டமும் விதியும் சொல்லிக்கொடுக்காது. இது சொல்லிக்கொடுக்கும்.

இதையே முதலில் வைக்காததற்குக் காரணம், மூல வரிகளின் தமிழ் நம் பிள்ளைகளுக்கு இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. தவிர, 'சிலர்', 'சிலர் அல்லர்' என்று கணக்காகப் பிரித்துப் பார்க்கும் வேலைக்கு அது ஏற்பட்டதல்ல.

நான் எடுக்கும் முடிவு

எதிர்ச்சான்றில் தொடங்குவது. பலகையும் வேண்டாம், கலைச்சொல்லும் வேண்டாம், பிள்ளைகள் தெருவுக்கு எடுத்துப்போகக்கூடிய முறை இது ஒன்றே. தேடியும் அகப்படாதபோது முடிவை மறுத்துப் பார்க்கும் வழி. அதிலும் சந்தேகம் என்றால் வென் படம். ஆய்லர் வட்டத்தை நான் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை, அது பிள்ளையின் நம்பிக்கைக்குத் துணை போகிறது. இவை கைக்கு வந்த பிறகு அறவண அடிகளின் ஏதுச் சோதனையை, பாட்டின் வரியோடு சேர்த்தே. அன்றைக்குத் தமிழ்ப் பாடமும் தர்க்கப் பாடமும் ஒன்றாகிவிடும். விதிகள், வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு மட்டும், தனியாக. வகுப்பில் எல்லாருமே அப்படித் தேர்வுக்குப் போகிறவர்கள் என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

எந்த முறையானாலும் தமிழில் சொல்லிக்கொடுக்கும்போது முன்கூட்டித் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. 'திங்யானுக்கு (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு) எல்லாக் கடையும் திறக்கவில்லை' என்று சொன்னால், ஒரு கடைகூடத் திறக்கவில்லை என்றும் ஆகும், சில திறந்தன சில மூடியிருந்தன என்றும் ஆகும். பேச்சில் குரல் காட்டிக்கொடுக்கும். எழுத்தில் காட்டாது. ஒன்றுக்கு வட்டத்தில் நிழல், மற்றதற்குப் பெருக்கல் குறி, முடிவே மாறிவிடும். அதனால் முதல் வாரம் நியாயத்தொடை எதுவும் வேண்டாம். இப்படிப்பட்ட வரிகளைப் பலகையில் எழுதிப்போட்டு, ஒவ்வொன்றையும் 'எந்தக் கடையும் திறக்கவில்லை', 'சில கடைகள் திறக்கவில்லை' என்று இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்வது. சொன்னவர் எதை நினைத்தார் என்று தெரியாவிட்டால், கேட்டு வரச் சொல்வது.